சாய்நாத்தின் தலையும் நாலு வெள்ளிக்கிழமைகளும்

இருபத்தாறு வயதில் நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் வழுக்கை ஏறத் தொடங்கியது. முப்பத்து நாலு வயதில் உச்சியில் ஒரு ஊத்தப்பம் அளவுக்கு இடம் பிடித்துவிட்டது. ஆனாலும் சாய்நாத் அதை ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டுதான் இருந்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மந்தைவெளியில் சலூனுக்குப் போய், சுற்றி இருப்பதையும் மெஷினால் ஒட்ட வெட்டிவிடச் சொல்லுவான். எல்லாமே ஒட்ட இருந்தால் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. எட்டு வருஷமாக அவன் வண்டி இப்படித்தான் ஓடியது.

அந்த வண்டியை நிறுத்தியது ஒரு நல்ல செய்தி. கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்குப் பிறகு மஹதி உண்டாகியிருந்தாள்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஃப்ளாட்டில் சாய்நாத்தும் மஹதியும் அவன் அம்மா ஸ்ரீலக்ஷ்மியும் இருந்தார்கள். செய்தியைக் கேட்ட அன்றைக்கே அம்மா ஸ்வாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து மகனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. குழந்தை பொறக்கற வரைக்கும் நீ தலைமுடி வெட்டிக்கப்படாது. நம்மாத்துல வழக்கம். நீ வயத்துல இருந்தப்போ உங்கப்பா ரிஷி மாதிரி ஆபீஸ் போயிண்டு வந்திண்டிருந்தார்."

"அம்மா, எனக்கு இருக்கறதே பக்கவாட்டுலதான். அதை வளர விட்டா..."

"வளரட்டுமே, யாரு உன்னை இனிமே மாப்பிள்ளை பாக்க வரப்போறா? ரெண்டாவது, மூணு மாசம் முடியற வரைக்கும் வெளியில யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. கண்ணு பட்டுடும்."

மஹதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். "பரவாயில்ல சாய். எட்டு மாசம்தானே. எனக்கு வயிறு, உனக்கு முடி. சேர்ந்து வளர்ப்போம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாசத்தில் கண்ணாடி வேறு விதமாகச் சொல்லியது. காதுக்கு மேல் இரண்டு பக்கமும் முடி புசுபுசுவென்று கிளம்ப, நடு உச்சி மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. கிண்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் அவனுக்கு வேலை. அடுத்த நாற்காலி ஆசிஃப் இந்த மாதிரி விஷயங்களைச் சும்மா விடுகிறவன் இல்லை.

"இன்னா மச்சி, ஸ்டேடியம் மாதிரி கீது? கேலரி ஃபுல்லு, கிரவுண்டு காலி!"

மொத்த பிரிவும் சிரித்தது. சாய்நாத்தும் சிரித்தான். ஏன் வெட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் விஷயம் உடைந்துவிடும். அதனால் "புது ஸ்டைல்டா" என்றான். அது இன்னும் பெரிய சிரிப்பாகப் போனது. வெட்டிக்கொள்ளவும் வழியில்லை, ஏன் வெட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை. லிஃப்டில் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் தன் உச்சியைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்து, மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போகத் தொடங்கினான். வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மனசு வருவதில்லை.

இப்படி ஒரு மனநிலையில்தான் அடையாறில் தோல் டாக்டர் ரூபீனாவிடம் போய் உட்கார்ந்தான்.

அவர் நிதானமான மனுஷி. உச்சியை ஒரு கருவி வைத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். "இது பரம்பரையா வர்றது. அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் வரலாம். ஆம்பளைங்க உடம்புல ஒரு ஹார்மோன் இருக்கு. சில பேருக்கு உச்சியிலயும் நெத்தியிலயும் இருக்கற முடி வேர் அதுக்குப் பயந்து சுருங்கிடும். பக்கத்துல, பின்னாடி இருக்கற வேர் பயப்படாது. அதனாலதான் அங்க மட்டும் நிக்குது. தண்ணி மாத்தினதாலயோ ஹெல்மெட்டாலயோ வந்தது இல்ல."

"திரும்பி வருமா டாக்டர்?"

"போனது எல்லாம் வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம், மெலிஞ்சதைக் கொஞ்சம் தடியாக்கலாம். தலையில போட ஒரு லோஷன், மினாக்ஸிடில். தினம் ஒரு மாத்திரை, ஃபினாஸ்டெரைடு. அது அந்த ஹார்மோனைக் குறைக்கும். முதல் ரெண்டு மாசம் இன்னும் அதிகமாக் கொட்டும், பயப்படாதீங்க. ஆறு மாசம் பொறுக்கணும். நிறுத்தினா பழையபடி ஆயிடும்." பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா? மனைவி கர்ப்பமா இருக்காங்களா?"

சாய்நாத்தின் காதில் அம்மா குரல்தான் கேட்டது. மூன்று மாசம் முடிய இன்னும் மூன்று வாரம் பாக்கி. டாக்டர் அந்நியர்தான், அவருக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்து வருஷம் காத்திருந்து வந்த விஷயம். எதற்கு வம்பு?

"இல்ல டாக்டர்."

"சரி. அப்படி ஏதாவது இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லணும்" என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மருந்துச் சீட்டை ஆசிஃப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் கேலி இல்லை, அதுதான் சாய்நாத்தைப் பயமுறுத்தியது. "டேய், இந்த மாத்திரையா? எங்க மச்சான் சாப்ட்டான். முடி வந்துச்சோ இல்லியோ, வீட்ல சண்டை வந்துச்சு. ஆம்பள சமாச்சாரத்துல கை வெச்சிரும் மச்சி. பாத்துக்கோ." எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, அப்படியே ஆனாலும் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சாய்நாத் கேட்கவில்லை. இணையத்தில் தேடினான். யாரோ ஒருவன், இந்த மாத்திரையைப் பொடித்துத் தலைக்குப் போட்டால் வயிற்றுக்குள் போகாமலே வேலை செய்யும் என்று எழுதியிருந்தான். நாளெல்லாம் மற்றவர்களின் பாலிசியில் பொடி எழுத்தைத் தேடிப் படித்து "இது கவர் ஆகாது" என்று எழுதுகிறவன், தன் தலை என்று வந்ததும் யாரோ எழுதிய நாலு வரியை அப்படியே நம்பினான்.

அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் என்றால் அம்மா காய்ச்சுகிற எண்ணெய்தான். கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் போட்டு இரும்புச் சட்டியில் காய்ச்சி, உயரமான கண்ணாடி பாட்டிலில் வைத்திருப்பாள். கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். அதிலிருந்து கொஞ்சம் ஒரு சின்ன சீசாவில் விட்டுக்கொண்டு, இருபது மாத்திரையைக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கரண்டிக் காம்பால் நசுக்கி அதில் கலந்தான். குலுக்கித் தினமும் காலையில் உச்சியில் தடவிக்கொண்டான். லோஷன் வேறு. முதல் மாசம் டாக்டர் சொன்னபடியே கொட்டியது. தரையில் விழுந்த முடியை மஹதி பார்ப்பதற்குள் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் வெளியே வருவான். இரண்டாம் மாசம் கொட்டுவது குறைந்த மாதிரி இருந்தது. ஒருநாள் அந்த சின்ன சீசாவைக் காணோம். தீரப்போகிற எண்ணெய்தானே, வேலைக்காரம்மா எடுத்துப் போட்டிருப்பாள் என்று அதோடு விட்டுவிட்டான்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மூன்று மாசம் எப்போதோ முடிந்திருந்தது, ஆபீசில் இனிப்புக்கூடக் கொடுத்தாகிவிட்டது. ஏன் முடி வெட்டவில்லை என்று டாக்டர் கேட்டதும் சந்தோஷமாகவே சொன்னான். "வைஃப் கன்சீவ் ஆயிருக்காங்க டாக்டர். அஞ்சாம் மாசம். எங்க வீட்டு வழக்கம்."

ரூபீனா எழுதுவதை நிறுத்தினார்.

"அஞ்சாம் மாசமா? போன தடவை கேட்டேனே."

"அப்போ... வெளியில சொல்லக்கூடாதுன்னு..."

அவர் கோபப்படவில்லை. "சரி, பரவாயில்ல. மாத்திரையை முழுசாத்தானே முழுங்கறீங்க? உடைக்கலையே? நீங்க சாப்பிடறதால பயமில்ல. ஆனா உடைச்ச மாத்திரை, பொடி, அது எதுவும் அவங்க கையில படக்கூடாது. தோல் வழியா உள்ள போகலாம். வயித்துல இருக்கறது ஆண் குழந்தையா இருந்தா, அதோட உறுப்பு சரியா உருவாக அந்த ஹார்மோன்தான் வேணும். அதைத்தானே நாம குறைக்கறோம்? பொண்ணுன்னா இந்தப் பிரச்சனை இல்ல."

"முழுசாத்தான் டாக்டர்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. வெட்கம்தான், வேறென்ன. நான்தானே தடவிக்கொண்டேன், அவள் தொடவில்லையே என்று வண்டியில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடையாறு பாலம் தாண்டும்வரை அது தைரியமாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது எண்ணெய் வாசனை. ஹாலில் மஹதி பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நாற்காலியில் அம்மா. மருமகளின் தலைமுடியைப் பிரித்துப் பிரித்து, உள்ளங்கையில் எண்ணெய் விட்டு, உச்சியில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஹதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"வாடா. இவளுக்கு உடம்பு சூடா இருக்குங்கறா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு ஸ்நானம் பண்ணி விடறேன்."

"அம்மா, பாத்ரூம்ல ஒரு சின்ன சீசா இருந்ததே. பாத்தியா?"

"அதுவா? நீதான் வெச்சிருந்தியா? காய்ச்சின எண்ணெயை இப்படியா பாழ் பண்ணுவா? அடியில வெள்ளையா ஏதோ மண்டியிருந்தது. துணியில வடிகட்டி இதுல விட்டுட்டேன்." அம்மா பெரிய பாட்டிலைக் காட்டினாள். "ஆச்சு, ஒரு மாசம் இருக்கும்."

சாய்நாத் மஹதியின் அருகே ஓடினான். "எழுந்திரு மஹதி. போய்த் தலையை அலசு. இப்பவே."

"என்னாச்சு?"

"எழுந்திருன்னேனே!"

அவன் இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கையில் கிடைத்த பொய்யைச் சொன்னான். "அந்த பாட்டில்ல பல்லி விழுந்து கெடந்தது. காலம்பற பார்த்தேன். சொல்ல மறந்துட்டேன்."

பொய்க்கு உடனே கால் முளைத்தது. அம்மா "ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மாசமாக இருக்கிற பெண் தலையில் பல்லி விழுந்த எண்ணெயா! உடனே தலைக்கு விட்டுக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். சாய்நாத் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் கவிழ்த்தான். திரும்பி வந்தபோது மஹதி வழியில் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் அவள் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"பல்லி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் காலம்பற அந்த பாட்டிலைப் பார்த்தேன் சாய்" என்றாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஆறு நாளை அவன் எப்படிக் கழித்தான் என்று சொல்வது கஷ்டம். வியாழக்கிழமை ஐந்தாம் மாச ஸ்கேன். அதற்குள் சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பான். சொன்னால் அவள் பயந்துபோவாள், பயம் குழந்தைக்கு ஆகாது என்று சாயங்காலம் நினைப்பான். ஒரு மாசம் என்றால் நாலு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தேய்த்தது உட்பட நாலு. தடவினது எவ்வளவு, வடிகட்டியதில் மாத்திரை எவ்வளவு போயிருக்கும், மீதி எவ்வளவு கரைந்திருக்கும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் போட்டு அழிப்பான். பெண்ணாக இருந்துவிட்டால் ஒன்றுமே இல்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படுவான். தன் குழந்தை ஆணாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோமே என்று அடுத்த நிமிஷம் தன்னையே திட்டிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் அம்மா மஹதியின் கையைப் பிடித்துப் பல்லியைத் தொட வைத்தபோது, மஹதி திரும்பி அவனைத்தான் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான்.

வியாழக்கிழமை தி.நகரில் ஸ்கேன் சென்டர். கூட்டம். நிறைய தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, கேட்பதும் சட்டப்படி குற்றம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. சாய்நாத் அதை எத்தனை தடவை படித்தானோ! அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை இந்த ஊரில், இந்த தேசத்தில் யாரும் அவனுக்குச் சொல்ல மாட்டார்கள். குழந்தை பிறக்கும்வரை தெரியாது.

"மஹதி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ஆறு நாளா சொல்லப்போறே சொல்லப்போறேன்னுதான் பாத்துண்டிருக்கேன்."

சொன்னான். மாத்திரை, டாக்டரிடம் சொன்ன பொய், கரண்டிக் காம்பு, சீசா, அம்மா வடிகட்டியது எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். பக்கத்தில் ஒரு அம்மாள் மொபைலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததால் நடுநடுவே யாரோ அழுகிற சத்தம் வந்தது.

"என் தலையிலயா?" என்றாள் மஹதி.

"தெரியாம..."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"நாலு."

அவள் விரல்கள் மடியில் எண்ணிக்கொண்டிருந்தன. வாரத்தை எண்ணினாள் என்று அவனுக்குப் புரிந்தது. "முடிக்காகவா சாய்? நான் ஒருநாளாவது உன் தலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

அவள் சொன்னதே இல்லை. ஆசிஃப் சொன்னான், லிஃப்டில் யாரும் சொல்லாமலே சொன்னார்கள், கண்ணாடி சொன்னது. சொல்லாத ஒருத்தி தலையில்தான் அது போய் முடிந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே இருங்கள் என்று நர்ஸ் அவனைத் தடுத்தாள். "இவரும் வரணும்" என்றாள் மஹதி.

ஸ்கேன் டாக்டர் நீரஜா ஐம்பது வயதைத் தாண்டியவர். மஹதி படுக்கையில் ஏறுவதற்கு முன்னாலேயே, வகுப்பில் கணக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதற்கும் அழவில்லை. சாய்நாத்துக்குத்தான் மூக்கு ஒழுகியது.

"தடவ ஆரம்பிச்சப்போ எத்தனை வாரம்?" என்றார் டாக்டர்.

"பதினாறு."

"அந்த உறுப்பு உருவாகற முக்கியமான வாரம் பெரும்பாலும் அதுக்குள்ள தாண்டிடும். அது ஒரு நல்லது. எண்ணெய்ல கலந்து, வடிகட்டி, வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அலசியாச்சு. உள்ள போயிருந்தா ரொம்பக் கொஞ்சமாத்தான் போயிருக்கும். அதுக்காக நான் சத்தியம் பண்ண மாட்டேன். பார்க்க வேண்டியது எல்லாத்தையும் பார்க்கறேன். படுங்கோ."

விளக்கு மங்கியது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. முதுகெலும்பு, இதயம், கை என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சொல்வதை நிறுத்தினார். கையிலிருந்த கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தொடை எலும்பு என்று மறுபடி சொல்லத் தொடங்கினார்.

"டாக்டர், இப்போ பார்த்தீங்களே..." சாய்நாத் வாய் திறந்துவிட்டான்.

அவர் திரும்பாமலே சொன்னார். "அந்தக் கேள்வியை முடிக்காதீங்கோ சார். குறை ஏதாவது இருந்தா ரிப்போர்ட்ல எழுதுவேன், உங்க டாக்டர்கிட்ட பேசுவேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ரிப்போர்ட்டில் குறை எதுவும் எழுதவில்லை. வெளியே வெயிலில் நின்று சாய்நாத் அதை மூன்று தடவை படித்தான். ஆண் என்பதால் அவ்வளவு நேரம் பார்த்தாரா? பெண் என்பதை உறுதிசெய்துகொண்டு நிம்மதியாக நகர்ந்தாரா? ஸ்கேனில் தெரியாத குறை என்று ஒன்று இருக்குமா? மஹதி காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்துக்குப் போனதும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான். "என்னால உள்ள வெச்சுண்டு இருக்க முடியலை."

"சொல்லப்படாது."

"மஹதி..."

"யார் கை சாய் அது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூடு பறக்கத் தேச்சாளே, அது யார் கை? பல்லிக்கே மூணு நாள் சாப்பிடலை உங்கம்மா. இதைக் கேட்டா குழந்தை பொறக்கற வரைக்கும் தூங்க மாட்டா. உனக்குப் பாரம் குறையணும்னு அவ தலையில வைக்காதே. நீ வெச்சுண்டு இரு. நானும் வெச்சுண்டு இருக்கேன்." அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. "ரூபீனா டாக்டருக்கு மட்டும் நாளைக்கு ஃபோன் பண்ணி உண்மையைச் சொல்லு. இப்போ ஒரு ஆட்டோ பிடி. உன் வண்டியில நான் வரலை."

பாண்டி பஜார் நெரிசலில் ஆட்டோவுக்குப் பின்னாலேயே அவன் வண்டி ஊர்ந்தது. சிக்னலில் ஆட்டோவின் பின்புறத் திறப்பு வழியாக அவள் பின்னல் தெரிந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னா டாக்டர்?"

"எல்லாம் நார்மல்மா" என்றான் சாய்நாத்.

"அப்பாடா! காஞ்சிபுரம் போனது வீண் போகலை பாரு." அம்மா மஹதியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழியத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள். நங்கநல்லூருக்கு ஃபோன் போட்டுச் சம்பந்தியிடம் சொல்ல வேண்டும் என்று உள்ளே போனவள், என்னவோ தோன்றி நின்று மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல சேதிதானே? அப்புறம் ஏண்டா மூஞ்சியை இப்படி வெச்சுண்டிருக்கே?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மஹதி செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்லிவிட்டாள்.

"டிராஃபிக்மா. அதான்."